கடல் கடந்த சர்வகலாசாலையும் சேரப்பணஞ்சேரித் தொழிலாளியும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், படப்பையைத் தாண்டி ஒரகடத்தை எட்டுமுன் அமைந்திருக்கும் சேரப்பணஞ்சேரி, ஏரிப் பாசனத்தையும் நெற்பயிரையும் ஆதாரமாகக் கொண்ட காஞ்சிபுரம் வட்டாரத்துக் கிராமங்களில் ஒன்றாகவே நெடுங்காலம் இருந்து வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியதும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலையும், 2012இல் டைம்லரின் லாரித் தொழிற்சாலையும் திறக்கப்பட்டதும், அவற்றுக்கு உதிரிப் பாகங்கள் செய்து கொடுக்கும் ஆலைகள் வரிசையாக எழுந்ததும், இவ்வூரையும் இதன் அண்டை ஊர்களையும் வெளிமாவட்டத்து இளைஞர்கள் வாடகை வீடுகளில் சேர்ந்து தங்கி, ஷிப்ட் பஸ் ஏறி இறங்கும் ஊர்களாக மாற்றிவிட்டன. ஐ.டி.ஐ. முடித்தவர்களும் டிப்ளமோ முடித்தவர்களுமாகிய இவர்களில் பலருக்கு உள்ளூர ஒரு தாபம் உண்டு. குடும்பத்தின் நெருக்கடியினால் பாதியில் நின்றுபோன படிப்பை, கைச் சம்பளத்தை இழக்காமலே தொடர்ந்து முடித்து, பெயருக்குப் பின்னால் ஒரு பட்டத்தைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதே அது.

இந்தத் தாபத்தை வெறும் அந்தஸ்து மோகம் என்று எண்ணுவது அநியாயம். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கி, ஆயிரக்கணக்கானோருக்கு, அதிலும் விசேஷமாக இளம் பெண்களுக்கு, வேலை தந்த நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பரில் மூடப்பட்டபொழுது, அங்கே பல வருஷங்கள் கைத்தேர்ச்சியுடன் உழைத்தவர்கள், அந்தத் தேர்ச்சிக்குச் சாட்சியாக வேறோர் எஜமானனிடம் காட்டக்கூடிய பத்திரம் ஏதும் இல்லாமல் வெளியேறினார்கள். ஆலையில் கற்ற வித்தை ஆலையோடு நின்றுவிடுகிறது. பட்டமோ அதைப் பெற்றவனுடன் கூடவே செல்கிறது. ஆபரேட்டருக்கும் சூப்பர்வைசருக்கும் இடையில் உள்ள கோடு பல தொழிற்சாலைகளில் திறமையினால் அன்றிப் பட்டத்தினாலேயே போடப்படுகிறது என்பதையும் இதனுடன் சேர்த்துப் பார்த்தால், இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் உறக்கத்தைத் தள்ளிவைத்துப் புத்தகத்தைத் திறப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

‘கரஸ்’ என்று இவர்கள் சுருக்கமாகச் சொல்லும் அஞ்சல் வழிக் கல்வி தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. டில்லி சர்வகலாசாலை 1962இல் தொடங்கிய முறையை மதுரை சர்வகலாசாலை 1971இலும், அண்ணாமலை 1979இலும், சென்னை 1981இலும் மேற்கொண்டன. 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமே தனியாக ஏற்பட்டது. ஆயினும் அண்மைக் காலமாக, வேலையை விடாமல், ஊரை விட்டு நகராமல், வெளிநாட்டுச் சர்வகலாசாலையிலேயே பட்டம் பெறலாம் என்ற ஆசை வார்த்தை கைத்தொலைபேசி வழியாக இவர்களை எட்டுகிறது. ஜெர்மானிய, ஜப்பானிய, கொரியக் கம்பெனிகளில் வேலை செய்பவர்களுக்கு அந்த வார்த்தையின் கவர்ச்சி இன்னும் அதிகம். அதில் மெய் எவ்வளவு, மாயை எவ்வளவு என்று ஆராய்வதும், மெய்யாக உள்ள பகுதிக்கு நம் நாட்டின் சட்டம் நியாயம் செய்திருக்கிறதா என்று கேட்பதுமே இக்கட்டுரையின் பிரயத்தனம்.

கடல் கடந்த சர்வகலாசாலை ஒன்றின் பட்டத்தை வீட்டில் இருந்தபடியே பெறுவது என்னும் வழக்கம் இணையத்தோடு பிறந்ததன்று; அது நீராவிக் கப்பல் காலத்தைச் சேர்ந்தது. 1836இல் அரச சாசனத்தால் தோற்றுவிக்கப்பட்ட இலண்டன் சர்வகலாசாலை, தானே பாடம் நடத்தும் ஸ்தாபனமாக அன்றி, கல்லூரிகளில் படித்து வருவோரைப் பரீட்சித்துப் பட்டம் வழங்கும் ஸ்தாபனமாகவே அமைந்தது. 1858ஆம் வருஷத்துப் புதிய சாசனம் இன்னும் ஒரு படி மேலே சென்று, வைத்தியம் நீங்கலான பட்டங்களுக்கு, எந்தக் கல்லூரியில் படித்தாய் என்று கேளாமலே பரீட்சைக்கு இடம் கொடுத்தது. இதன் பலனாக 1865இல் மொரீஷியஸ் தீவில் அதன் பரீட்சை நடைபெற்றது. வினாத்தாள்கள் கப்பலில் சென்று, விடைத்தாள்கள் கப்பலில் திரும்பின. 1878இல் பெண்களுக்கும் பட்டங்கள் திறந்துவிடப்பட்டன. ஒருவன் எங்கே உட்கார்ந்து கற்றான் என்பது சர்வகலாசாலையின் கேள்வியே அன்று, கற்றானா என்பதே கேள்வி என்ற தத்துவம் இவ்வாறாக நிலைபெற்றது.

நம்முடைய சென்னைப் பல்கலைக்கழகம், கல்கத்தா, பம்பாய்ச் சர்வகலாசாலைகளோடு கூட, 1857இல் இந்த இலண்டன் மாதிரியிலேயே எழுந்தது என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். 1904ஆம் வருஷத்துச் சட்டம் வரும்வரையில் அது பிரதானமாகப் பரீட்சை நடத்தும் சபையாகவே இருந்தது. அதன் முதற் பட்டதாரிகளாகச் சரித்திரம் குறிப்பிடும் சி. வை. தாமோதரம் பிள்ளையும் கறோல் விசுவநாத பிள்ளையும் யாழ்ப்பாணத்தார்; வட்டுக்கோட்டை செமினரியில் பயின்றவர்கள். சென்னைச் சர்வகலாசாலை அவர்களுக்கு ஒரு பாடமும் நடத்தவில்லை. பரீட்சித்தது, தேறினார்கள், பட்டம் அளித்தது. பிற்காலத்தில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டுச் சுவடியிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த தாமோதரம் பிள்ளையின் பட்டம் எந்த வகுப்பறையின் வருகைப் பதிவேட்டைக் கொண்டு கொடுக்கப்பட்டது என்று யாரும் கேட்டதில்லை.

இலங்கைத் தமிழரிடையே இந்த வழி இன்னும் ஆழமாக வேர் ஊன்றியது. ‘வெளிவாரிப் பட்டம்’ என்று இன்றும் அங்கே வழங்கும் முறையில், ஆசிரிய உத்தியோகத்தில் இருந்தபடியே இலண்டன் பரீட்சைக்கு இரவெல்லாம் படித்துத் தேறியவர்கள் ஒரு பரம்பரையாகவே விளங்கினார்கள். அவர்களுள் காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் ஒருவரை நினைத்தாலே போதும். விஞ்ஞானம் போதித்துக்கொண்டே இலண்டன் சர்வகலாசாலையின் பி.எஸ்ஸி. பட்டத்தை வெளிவாரியாகப் பெற்ற அவர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதப் பரீட்சையிலும் தேறியவர். அண்ணாமலைச் சர்வகலாசாலையிலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர் என்ற பதவியை வகித்தவர். 1947இல் ‘யாழ் நூல்’ வெளியிட்டவர். அந்த நூலில் பண்டைய யாழின் நரம்புகளுக்கு அவர் கணித ரீதியாக வகுத்த அளவுகளைப் பார்க்கும்பொழுது, தூரத்திலிருந்து பெற்ற விஞ்ஞானப் பட்டம் பெயரளவினது என்று எவரும் சொல்லத் துணியார்.

ஆனால் வெளிவாரி முறையின் குறையையும் மறைக்கலாகாது. கொழும்பில் 1921இல் திறக்கப்பட்ட யூனிவர்சிட்டி காலேஜ், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் ஏற்படும்வரையில், இலண்டன் பரீட்சைகளுக்கே மாணாக்கரைத் தயாரித்து வந்தது. பாடத்திட்டம் தேம்ஸ் நதிக்கரையில் வகுக்கப்பட்டது. மாணாக்கன் களனி நதிக்கரையில் இருந்தான். தன் மண்ணின் சரித்திரமும் தன் தாய்மொழியின் இலக்கியமும் அந்தத் திட்டத்தில் எந்த அளவுக்கு இடம் பெறும் என்பதை அவன் தீர்மானிக்க முடியவில்லை. வேறு ஒரு குறையும் உண்டு: பரீட்சை மட்டும் நடத்தும் சர்வகலாசாலை, ஆசானுடைய துணையை மாணாக்கனின் அதிர்ஷ்டத்துக்கே விட்டுவிடுகிறது. நல்ல ஆசிரியர்களும் நூலகமும் அருகில் இருந்த யாழ்ப்பாணத்து இளைஞன் தேறினான். அவை இல்லாத இடத்தில் பிறந்தவன், எத்தனை மேதாவியானாலும், தத்தளித்தான்.

இரண்டாவது குறையைத் தீர்ப்பதற்கென்றே இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு புதுவகைச் சர்வகலாசாலை தோன்றியது. தென்னாப்பிரிக்கச் சர்வகலாசாலை 1946 முதல் தபால் மூலம் பாடங்களை அனுப்பத் தொடங்கியது. நெல்சன் மண்டேலா, சிறையில் இருந்தபடி முதலில் இலண்டன் வெளிவாரிப் பரீட்சைக்குப் படித்து, கடைசியில் 1989இல், இன்னும் விடுதலை பெறாத நிலையிலேயே, இந்தச் சர்வகலாசாலையின் சட்டப் பட்டத்தைப் பெற்றார். பிரிட்டனில் பிரதமர் ஹரால்ட் வில்சனின் ஆதரவுடன், ஸ்காட்லாந்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் புதல்வியும் மந்திரியுமான ஜெனி லீ பெரும் எதிர்ப்பினிடையே உருவாக்கிய திறந்தவெளிச் சர்வகலாசாலை, 1969இல் சாசனம் பெற்று, 1971 ஜனவரியில் தன் முதல் மாணாக்கரை ஏற்றது. முன்தகுதி எதுவும் வேண்டாம் என்று வாயிலைத் திறந்துவிட்ட அது, வெளியேறும் இடத்தில் சிறிதும் தளர்வு காட்டவில்லை. அச்சிட்ட பாடங்கள், வானொலி, தொலைக்காட்சி, ஒவ்வொரு மாணாக்கனுக்கும் ஒரு துணை ஆசிரியர், அவர் திருத்தி எழுத்தில் விமரிசித்து அனுப்பும் பயிற்சிக் கட்டுரைகள், முடிவில் கண்டிப்பான பரீட்சை என்று ஒரு முழு ஏற்பாடு அங்கே உருவாயிற்று.

நம்முடைய தொழிற்சாலைப் பிரதேசத்துக்கு மூலதனம் அனுப்பியிருக்கும் தேசங்களே இந்த விஷயத்தில் முன்னணியில் நின்றன என்பது சிந்திக்கத் தக்கது. ஹூண்டாய் பிறந்த கொரியாவில் தேசிய திறந்தவெளிச் சர்வகலாசாலை 1972இல் நிறுவப்பட்டது. டைம்லரின் ஜெர்மனியில், தொழிற்சாலைகள் நிறைந்த ரூர் பிரதேசத்தின் ஹாகன் நகரில், மாகாண அரசாங்கம் 1974இல் ஒரு தொலைதூரச் சர்வகலாசாலையை ஸ்தாபித்தது. நிஸானின் ஜப்பானில் ஒளிபரப்பு மூலம் கற்பிக்கும் சர்வகலாசாலை 1983இல் ஏற்பட்டு 1985இல் மாணாக்கரைச் சேர்த்தது. வேலை செய்யும் பிரஜை கற்கவும் வேண்டும், அதற்கான செலவில் ஒரு பங்கை அரசாங்கம் ஏற்கவும் வேண்டும் என்ற கொள்கை அந்தத் தொழில்வளத்தின் ஓர் அங்கமாகவே இருந்தது. இயந்திரங்களை மட்டும் இறக்குமதி செய்துகொண்டு, அவற்றோடு வளர்ந்த இந்தக் கொள்கையை இறக்குமதி செய்யாமல் விட்டது நமக்கு நஷ்டமே.

சேரப்பணஞ்சேரியில் இருப்பவர் இத்தகைய ஒரு சர்வகலாசாலையில் சேர்ந்தால் எதை எதிர்பார்க்கலாம்? முதலாவது இடையூறு பாஷை. ஹாகனில் கட்டணம் ஒப்பளவில் குறைவுதான். பாடங்களோ பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் உள்ளவை. கொரிய, ஜப்பானியச் சர்வகலாசாலைகளும் அவ்வாறே தத்தம் மொழியில் கற்பிக்கின்றன. இலண்டன் போன்ற ஆங்கிலச் சர்வகலாசாலைகளில் பாஷைத் தடை குறைவு, ஆனால் பவுனில் செலுத்தும் கட்டணம் ஒரு டிப்ளமோக்காரரின் பல மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். இரண்டாவது இடையூறு காலம். வாரந்தோறும் மாறும் ஷிப்டுக்கும் அதற்கு மேல் வரும் ஓவர்டைமுக்கும் நடுவே, வாரத்துக்குப் பதினைந்து, இருபது மணி நேரம் ஒதுக்கி நாலைந்து வருஷம் விடாமல் படிப்பது அசாதாரணமான மனத்திண்மையைக் கோருகிறது. நாற்பது வருஷமாகப் பட்டம் வழங்கி வரும் அரசாங்கச் சர்வகலாசாலை எதுவும், ஆறு மாதத்தில் பட்டம் என்றோ, அனுபவத்தைக் காட்டினால் பரீட்சை இல்லாமலே பட்டம் என்றோ சொல்லாது. அப்படிச் சொல்லும் விளம்பரத்தின் பின்னால் இருப்பது சர்வகலாசாலை அன்று, வியாபாரம்.

இவ்வளவையும் கடந்து பட்டத்தைக் கையில் வாங்கியவருக்குத் தம் சொந்த நாட்டில் எதிர்ப்படும் மதில்தான் மிகவும் கடினமானது. வெளிநாட்டுப் பட்டம் இந்தியப் பட்டத்துக்குச் சமமானது என்று சான்றளிக்கும் பொறுப்பை நெடுங்காலமாக வகித்து வந்த இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம், அந்தச் சர்வகலாசாலையின் வளாகத்திலேயே முழு நேர மாணாக்கராக இருந்து படித்திருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாக வைத்திருந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட, அந்நியச் சர்வகலாசாலைகளுடன் சேர்ந்து வழங்கும் கூட்டுப் பட்டங்களுக்கான விதிகளும், 2023இல் வெளியிட்ட, அந்நியச் சர்வகலாசாலைகள் இங்கே வளாகம் திறப்பதற்கான விதிகளும், தொலைதூர முறையை வெளியே நிறுத்திவிட்டன. 2025 ஏப்ரலில் அக்குழு, வெளிநாட்டுப் பட்டங்களின் சமநிலை பற்றித் தனி விதிகளை இயற்றி, அந்தப் பொறுப்பைத் தானே ஏற்றது. வேறொரு நிறுவனம் குத்தகையாக எடுத்து நடத்தும் படிப்புகளுக்கு அதில் இடமில்லை. ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே, தாம் சேரும் படிப்பும் படிக்கும் முறையும் ஏற்கப்படுமா என்று மானியக் குழுவிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது விவேகம். தமிழ்நாட்டு அரசு உத்தியோகத்தை நாடுவோருக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்ற படிகளைக் கடக்காமல் திறந்தவெளிச் சர்வகலாசாலையில் பெற்ற பட்டம் அரசுப் பதவிக்குச் செல்லாது என்று 2009இல் அரசாணை பிறந்தது. முன்தகுதி கேளாத சர்வகலாசாலையின் தாராள குணமே, பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ. சேர்ந்தவருக்குப் பிற்பாடு தடையாகிவிடக்கூடும்.

இந்த மதிலைக் கட்டியவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு அதைத் தெளிவாக்குகிறது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அனுமதி பெறாமல், நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், அவற்றுள் ஒன்று தமிழ்நாட்டைச் சேர்ந்தது, தொலைதூர முறையில் பொறியியல் பட்டங்களை வழங்கியிருந்தன. ஆய்வுக்கூடத்தையோ பட்டறையையோ காணாமல் எஞ்சினீயர் ஆக்கும் இந்த ஏற்பாட்டை நீதிமன்றம் கண்டித்து, 2001 முதல் 2005 வரையில் சேர்ந்தவர்களின் பட்டங்களை நிறுத்தி வைத்தது. அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்களை ரத்தே செய்துவிட்டது. வேலை செய்துகொண்டே படித்து, அந்தப் பட்டத்தின் பலத்தில் பதவி உயர்வு பெற்றிருந்த டிப்ளமோக்காரர்களின் கதி என்னவாயிருக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. மோசடி செய்தவை நிறுவனங்கள். தண்டம் செலுத்தியவர்கள் மாணாக்கர்கள். 2023 டிசம்பரில் மானியக் குழு, அங்கீகாரம் இல்லாத முறையில் அந்நியக் கல்வி நிறுவனங்களின் பட்டங்களை இங்கே விளம்பரம் செய்யும் இணையக் கல்விக் கம்பெனிகளைக் குறித்துப் பகிரங்க எச்சரிக்கை விடுத்ததும் இந்தப் பயத்தினாலேயே.

பயம் நியாயமானது, ஆனால் அதற்குக் கண்ட பரிகாரம் நியாயமானது என்று நான் கருதவில்லை. போலியையும் மெய்யையும் பிரிக்கும் கருவியாக வகுப்பறை வருகையைத் தேர்ந்தெடுத்தது தவறு. வகுப்பறை உள்ள கல்லூரிகளிலும் போலிகள் உண்டு; வகுப்பறையே காணாத விபுலாநந்தரின் பட்டம் மெய்யானது. நம் நாட்டுத் தொலைதூரப் பட்டங்கள், உரிய அங்கீகாரம் பெற்றிருந்தால், நேர்முகப் பட்டங்களுக்குச் சமானமே என்று மானியக் குழுவே 2022 செப்டம்பரில் அறிவித்தது. உள்நாட்டுச் சர்வகலாசாலை அஞ்சலில் கற்பித்தால் கல்வி. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அதே காரியத்தைச் செய்துவரும் அரச சாசனம் பெற்ற சர்வகலாசாலை கற்பித்தால் கல்வியன்று என்ற நிலையை எந்தத் தர்க்கத்தால் ஆதரிப்பது?

இந்தியாவே ஒரு காலத்தில் இதைச் சரியாகச் செய்தது. 1920இல் சென்னையில் பதிவாகி, 1935இல் அரச சாசனம் பெற்ற இந்திய எஞ்சினீயர்கள் சங்கத்தின் ஏ.எம்.ஐ.இ. பரீட்சையைப் பழைய தொழிற்சாலைக்காரர்கள் இன்றும் மரியாதையுடன் நினைவுகூர்வார்கள். கல்லூரிக்குள் கால் வைக்காமல், பட்டறையில் வேலை செய்துகொண்டு, ‘ஏ’ பிரிவு, ‘பி’ பிரிவு என்ற இரண்டு படிகளையும் பல முயற்சிகளில் தாண்டியவர் எஞ்சினீயரிங் பட்டதாரிக்குச் சமமாக ஏற்கப்பட்டார். அதில் தேறுவது கல்லூரிப் பட்டத்தைவிடக் கடினம் என்பது பொதுவான அபிப்பிராயம். 2013 மே மாத இறுதிக்குள் பதிவு செய்தவர்களோடு அந்தச் சமநிலை முடிவடைந்தது. டிப்ளமோ படித்த தொழிலாளிக்குக் கல்லூரிக்குப் போகாமலே எஞ்சினீயராவதற்கு இருந்த நேர்மையான வாசல் இவ்வாறு அடைபட்டது. வேலையில் இருப்போருக்கான மாலை நேரப் பொறியியல் வகுப்புகளுக்குப் பிற்பாடு இடம் தரப்பட்டிருப்பது நல்லதே. எனினும் ஷிப்ட் மாறும் தொழிலாளிக்கு மாலை வகுப்பு வாரத்துக்கு வாரம் எட்டாத ஒன்றாகிவிடுகிறது.

இதே தொழிற்சாலைப் பிரதேசத்தைச் சேர்ந்த வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட, 706.50 கோடி ரூபாய்ச் செலவில் கட்டிய, 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய விடுதி வளாகத்தை எண்ணிப் பார்க்கிறேன். பெரும்பாலும் பள்ளிப் படிப்பை முடித்து இருபதை ஒட்டிய வயதில் வரும் பெண்கள், இவ்வளவு பேர் ஒரே கூரையின் கீழ் வாழும் இடத்தில், ஒரு படிப்பகமும், சில துணை ஆசிரியர்களும், ஒரு பரீட்சைக்கூடமும் அமைப்பது கட்டடச் செலவின் முன் ஒரு பொருட்டாகாது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் அதைத் தொடங்கலாம்; இலண்டன், பிரிட்டிஷ் திறந்தவெளிச் சர்வகலாசாலை முதலியவற்றின் பரீட்சைகளும் அங்கேயே நடைபெற அனுமதிக்கலாம்.

வெளிநாட்டுத் தொலைதூரப் பட்டத்தைப் பரீட்சித்து ஏற்பதற்கு நம்மிடம் முன்மாதிரி இல்லாமலும் இல்லை. அந்நிய நாட்டில் வைத்தியம் படித்து வருவோருக்கு 2002 முதல் ஒரு தகுதிப் பரீட்சை நடைபெறுகிறது. அதில் தேறியவரை அரசாங்கம் மருத்துவராக ஏற்கிறது. மேலே சொன்ன 2017 தீர்ப்பில் நிறுத்தி வைக்கப்பட்ட பட்டங்களுக்கும் உச்ச நீதிமன்றம் காட்டிய விமோசனம் பரீட்சைதான்: தொழில்நுட்பக் கல்விக் குழுவும் மானியக் குழுவும் சேர்ந்து 2018இல் பரீட்சை நடத்தின, தேறியவர்கள் பட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள், தேறுவதற்கு இரண்டு வாய்ப்புகளுக்கு மேல் தரப்படவில்லை. தண்டனைக்குப் பிறகு கொடுத்த அந்த வழியை முன்கூட்டியே, சாதாரண வழியாக, திறந்து வைக்கலாகாதா? ஆய்வுக்கூடம் வேண்டாத கணிதம், பொருளாதாரம், வாணிகம், கணக்கியல், கம்ப்யூட்டர் விஞ்ஞானம் ஆகிய துறைகளில் முதலில் தொடங்கலாம். தத்தம் நாட்டு அரசாங்கம் தோற்றுவித்த அல்லது சாசனம் அளித்த சர்வகலாசாலைகளின் பெயர்ப் பட்டியல் ஒன்றை வெளியிட்டு, அவற்றின் தொலைதூரப் பட்டத்தோடு வருகிறவருக்கு ஒரு சமநிலைப் பரீட்சையை வருஷத்துக்கு இருமுறை, தமிழிலும் விடை எழுதலாம் என்ற அனுமதியுடன், சென்னையில் மட்டுமன்றி ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் கோயம்புத்தூரிலும், ஷிப்டுக்கு இடையூறில்லாத ஞாயிற்றுக்கிழமையில் நடத்த வேண்டும்.